குளத்து மீனில் களை எது, பயிர் எது?

சித்திரை, வைகாசி மாதங்களில் நன்னிலம் வட்டாரக் கிராமங்களின் வழியே செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். முழங்கால் அளவுக்கு வற்றிவிட்ட ஊர்க் குளத்தில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் இறங்கிச் சேற்றைக் கலக்கி மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சிலர் கையில் ஊத்தா, சிலர் கையில் கச்சா வலை, மற்றவர்களுக்கு வெறுங்கையே போதும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் தமது கட்லாவையும் ரோகுவையும் பெருவலை போட்டு வாரிச் சென்ற பிறகு, மிச்சம் உள்ளது ஊருக்கு என்பது பல கிராமங்களில் எழுதாத வழக்கம்.

அடுத்த பசலிக்குக் குளம் கைமாறியதும் புதிய குத்தகைதாரர்கள் எங்களைப் போன்றவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "களை மீனை ஒழிக்க என்ன போடலாம்?" என்பதுதான். வளர்ப்பு மீன்களின் குஞ்சுகளைத் தின்பவை, அவற்றின் தீனியில் பங்கு கேட்பவை ஆகிய எல்லா நாட்டு மீன்களுக்கும் நமது துண்டுப் பிரசுரங்கள் வைத்திருக்கும் பெயர் "களை மீன்". ஒழிக்கும் முறையும் அவற்றிலேயே உண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள நீர்ப்பரப்பில் ஹெக்டேருக்கு 2,500 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,000 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துத் தெளிக்க வேண்டும். அதிலுள்ள சப்போனின் என்னும் நச்சுப்பொருள் மீனின் இரத்தத்தைக் கெடுத்துக் கொல்லும். மூன்று வாரத்தில் நஞ்சின் வீரியம் அடங்கி, பிண்ணாக்கு எருவாகிவிடும். பிறகு வளர்ப்பு மீன் குஞ்சுகளை விடலாம்.

இம்முறையில் குற்றம் ஏதுமில்லை. தனியார் நிலத்தில் வெட்டிய பண்ணைக் குட்டைக்கு இன்றும் இதையே சொல்வேன். ஆனால் ஊர்ப் பொதுக் குளத்திற்குச் சொல்வதை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குக் காரணம் உண்டு.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துக் குளத்திற்கு நானே கணக்குப் போட்டுக் கொடுத்து, பிண்ணாக்குக் கரைக்கும்போது கரையிலும் நின்றேன். சிறிது நேரத்திற்கெல்லாம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. மாலைக்குள் குளம் முழுதும் வெள்ளை வயிறுகள் மிதந்தன. பிண்ணாக்கினால் செத்த மீனை உண்ணலாம் என்பதால் ஊரார் கூடை கூடையாக அள்ளினார்கள். நடவு வேலைக்குச் செல்லும் ஒரு மூதாட்டி மட்டும் அள்ளாமல் நின்று என்னிடம் கேட்டார்: "கட்லா ஏலக்காரருக்குப் போவுதுங்க ஐயா. நாங்க வருஷமெல்லாம் புடிச்சுத் திங்கிறது இதுங்களைத்தான். இன்னிக்கு எல்லாத்தையும் அள்ளிட்டா, நாளைக்கு எதைப் புடிக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. அன்று மிதந்த மீன்களில் பாதிக்கு எனக்குப் பெயரும் தெரியாது. பெயர் தெரியாத ஒன்றைக் களை என்று எழுதிக் கொடுத்துவிட்டோமே என்ற உறுத்தலில்தான் இவற்றைக் கற்கத் தொடங்கினேன். கற்றுக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தூண்டில் போடும் சிறுவர்களும் மீன் விற்கும் பெண்களுமே.

தரங்கம்பாடிப் பாதிரியாரும் பெர்லின் மருத்துவரும்

நம் குளத்து மீன்கள் உலக அறிவியலுக்கு அறிமுகமானதில் நம் வட்டாரத்துக்கே பெரும் பங்கு உண்டு. நன்னிலத்துக்கு வடகிழக்கே கடலோரத்தில் உள்ள தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. அங்கு சமயப் பணி செய்த ஜான் என்ற பாதிரியார் இவ்வூர் மீன்களைப் பதப்படுத்தி, பெர்லின் நகரில் மருத்துவராக இருந்த பிளாக் என்பவருக்கு அனுப்பி வந்தார். நம் தேளி மீனுக்கும் வரிக்கெளுத்திக்கும் 1794-ல் பிளாக் அறிவியல் பெயர் சூட்டினார். தேளிக்கு அவர் வைத்த பெயரில் உள்ள "பாசிலிஸ்" என்ற சொல்லுக்கு, தோண்டி எடுக்கப்பட்டது என்று பொருள். வற்றிய குளத்தின் சேற்றைத் தோண்டி நம்மவர்கள் தேளி எடுப்பது பெர்லின் வரை தெரிந்திருக்கிறது!

அதே தரங்கம்பாடியில் டால்டார்ப் என்ற டேனிஷ் படை அதிகாரி, 1791-ல் குளக்கரைப் பனைமரம் ஒன்றின் பட்டை இடுக்கில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் தொற்றி மேலே ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1797-ல் இது அச்சானது. அந்த மீன்தான் நம் பனையேறி. மீன் பனை ஏறுமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். காக்கையும் பருந்தும் தூக்கிச் சென்று மரத்தில் விட்ட மீன் உயிரோடு கிடந்திருக்கும் என்பது பின்னர் சொல்லப்பட்ட விளக்கம். மரம் ஏறுகிறதோ இல்லையோ, மழை நாளில் ஒரு குளத்திலிருந்து மற்றொரு குளத்திற்குத் தரை வழியே ஊர்ந்து செல்வது உண்மை. நம் வயல் வரப்புகளில் பலரும் பார்த்திருப்பார்கள்.

இனம் காணும் விதம்

கையில் அகப்பட்ட மீனில் முதலில் பார்க்க வேண்டியது செதிலும் மீசையும். செதில் இல்லாமல், வழவழப்பான தோலும் மீசையும் இருந்தால் அது கெளுத்தி வகை. செதில் இருந்து, தலை பாம்புத் தலைபோல் இருந்தால் விரால் வகை. இவ்விரண்டும் அல்லாமல் வெள்ளி போல் பளபளக்கும் சிறு மீன்கள் பெரும்பாலும் கெண்டை வகை. தட்டையாக, சட்டியில் அப்படியே படுத்துப் பொரியும் வடிவில் இருப்பவை பனையேறி, செல்லக்காசு, ஜிலேபி ஆகியவை.

விராலையும் குறவையையும் குழப்பிக்கொள்பவர் பலர். குறவையை "விரால் குஞ்சு" என்று விற்பவரும் உண்டு. இரண்டுக்கும் முதுகுத் துடுப்பு தலையின் பின்னிருந்து வால் வரை நீண்டிருக்கும். விராலின் விலாவில் கருமையான பட்டைகள் சாய்வாக இறங்கி வெள்ளை வயிற்றைத் தொடும். இரண்டடிக்கு மேலும் வளரும். குறவையின் உடலில் மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் காணப்படும். பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல் போவதில்லை. வால் அடியில், கண் வரைந்ததுபோல் வளையமிட்ட ஒரு கரும்பொட்டு இருந்தால் அது பூவிரால். அது ஆற்று மடுக்களை நாடும் மீன். குளத்தில் காண்பது அரிது.

கெளுத்தியில் மூன்றைப் பிரித்தறிந்தால் போதும். முதுகில் முள்ளோடு கூடிய துடுப்பும், அதற்குப் பின்னால் சதைப்பற்றான இன்னொரு சிறு துடுப்பும், விலாவில் நீளவாக்கில் கோடுகளும் இருந்தால் வரிக்கெளுத்தி. முதுகில் ஒரே ஒரு குட்டைத் துடுப்பு மட்டும் தலைக்குச் சற்றுப் பின்னால் நின்றால் தேளி. முதுகுத் துடுப்பு தலையிலிருந்து வால் வரை நெடுக ஓடினால், வடநாட்டில் மாகுர் எனப்படும் கெளிறு. இதில் தேளியை அறியாமல் தொடக்கூடாது. அதன் தோள் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் தேள் கொட்டியதுபோல் கடுக்கும். குத்துப்பட்ட இடத்தைக் கழுவி, கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் அரை மணி நேரமாவது அமிழ்த்தி வைத்திருந்தால் வலி தணியும். கொதிநீர் கூடாது. முள் ஒடிந்து உள்ளே தங்கினால் மருத்துவரிடம் செல்வதோடு தனுர்வாத ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

செல்லக்காசு, கேரளத்தில் கொண்டாடப்படும் கரிமீனுக்குத் தம்பி முறை. மஞ்சள் உடலில் வரிசையாகப் புள்ளிகளும், நடு விலாவில் பெரிய கரும்பொட்டும் இருக்கும். இதையும் ஜிலேபிக் குஞ்சையும் ஒன்றென எண்ணுவோர் உண்டு. ஜிலேபிக் குஞ்சுக்கு அந்தக் கரும்பொட்டு விலாவில் இராது. முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் இருக்கும். ஜிலேபி நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். எனவே எதிரிக்குத் தப்பி, ஆண்டில் பல முறை பெருகி, தீனி போதாமல் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். களை என்ற பெயர் எதற்காவது பொருந்துமானால் இதற்கே பொருந்தும் என்பது என் கருத்து. ஏழை வீட்டுச் சட்டிக்கு இன்று அதிகம் வருவதும் இதுதான் என்பதையும் மறுப்பதற்கில்லை.

சேற்றில் புதையும் அயிரை, பாம்பு போன்ற உடலும் கூரிய மூக்கும் கொண்ட ஆரல், அடிமண்ணோடு ஒட்டிக் கிடக்கும் உளுவை ஆகியவற்றை நம் மக்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கெண்டைகளில் மட்டும் பல வகை உண்டு; வால் அடியில் பொட்டுள்ளவை, இல்லாதவை என்று பிரிப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. முள்ளோடு மென்று தின்னும் இச்சிறு மீன்களில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. பாலுக்கு வழியில்லாத வீட்டுக் குழந்தைக்கு இது பெரிய வரவு.

வாயில் கவ்வாதீர்கள்

பனையேறியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாம்பல் கலந்த பச்சை நிறம், தடித்த செதில், வால் அடியில் ஒரு கரும்பொட்டு. செவுள் மூடியின் விளிம்பைத் தடவினால் அரிவாள் பல்போல் முட்கள் தட்டும். இந்த மூடியைத் தரையில் ஊன்றித்தான் அது ஊர்ந்து செல்கிறது. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருப்பதால் தண்ணீர் இல்லாமலும் பல மணி நேரம் உயிரோடிருக்கும்.

கையால் துழாவி மீன் பிடிப்பவர்களிடம் ஓர் ஆபத்தான பழக்கம் உண்டு. ஒரு மீன் கையில் இருக்க, இன்னொன்று காலடியில் தட்டுப்பட்டால், முதல் மீனைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கைகளையும் தண்ணீரில் விடுவார்கள். கவ்வியது பனையேறியானால், அது ஒரு துள்ளலில் தொண்டைக்குள் புகுந்துவிடும். முன்னோக்கிப் போவதற்கு அதற்குத் தடையில்லை. வெளியே இழுத்தால் செவுள் மூடியும் முதுகு முள்ளும் விரிந்து சதையில் மாட்டிக்கொள்ளும். மூச்சு அடைத்துச் சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். இது கட்டுக்கதையன்று. இவ்வாறு உயிருக்குப் போராடி வந்தவர்களைப் பற்றித் தென்னிந்திய மருத்துவர்கள் பல முறை மருத்துவ ஏடுகளில் எழுதியுள்ளனர். அவர்களில் சிறுவர்களும் உண்டு. இடுப்பில் ஒரு கூடையோ பையோ கட்டாமல் பிள்ளைகளைக் குளத்தில் இறக்கக் கூடாது. தப்பித் தவறி நேர்ந்துவிட்டால் வாலைப் பிடித்து இழுத்து நேரத்தை வீணாக்காமல், கிடைத்த வண்டியில் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தூண்டில்காரர்களுக்கு

இப்பக்கத்தைப் படிக்கும் இளைஞர்களில் தூண்டில் பிரியர்கள் இருப்பார்கள். நம் குளங்களில் விளையும் நெட்டியை விடச் சிறந்த தக்கை கடையில் கிடைப்பதில்லை. தக்கை ஆடும் விதத்தைக் கொண்டே மீனைச் சொல்லிவிடலாம் என்பார்கள். கெண்டை கொத்தினால் தக்கை துள்ளும். கெளுத்தி இழுத்தால் பக்கவாட்டில் ஓடி அமிழும். விரால் விழுங்கினால் ஒரேயடியாகக் காணாமற் போகும். கெண்டைக்குச் சோற்று உருண்டையோ பிசைந்த மாவோ போதும். கெளுத்திக்கும் பனையேறிக்கும் மண்புழு. விராலுக்கு உயிருள்ள சிறு மீன் அல்லது தவளைக் குஞ்சு. அதையும் ஆம்பல் இலை ஓரத்தில் நீர்மட்டத்திலேயே தத்தவிட வேண்டும்.

இதில் ஒரு வேண்டுகோள். மழைக் காலத்தில் நீர் மேற்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் ஒரு முறத்தளவு கூட்டமாக மிதந்து, மூழ்கி, மீண்டும் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை விரால் குஞ்சுகள். தாயும் தந்தையும் அவற்றுக்கு அடியிலேயே காவல் நிற்கும். அருகில் எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். ஆதலால் அப்போது விராலைப் பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுக் கூட்டம் கெண்டைக்கும் கொக்குக்கும் இரையாகும். ஒரு விராலின் விலைக்கு ஒரு வருடத்து விராலை விற்பது சரியான கணக்கு ஆகாது.

குத்தகைதாரர் செய்யக் கூடியது

கட்லா, ரோகு, மிருகால் ஆகியவை ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் தாமாகப் பெருகுவதில்லை. 1957 ஜூலை 10-ல் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி ஊசி மருந்து மூலம் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்து காட்டிய பின்னரே குஞ்சுகள் தாராளமாகக் கிடைக்கும் வழி பிறந்தது. இவற்றை ஆண்டுதோறும் வாங்கித்தான் விட வேண்டும். நாட்டு மீன்களுக்கு அந்தச் செலவு இல்லை.

இரண்டையும் ஒரே குளத்தில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். குஞ்சுகளை விரலளவில், அதாவது நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் வாங்கி விட்டால், கெளுத்தியும் குறவையும் அவற்றை விழுங்க இயலாது. விலை சற்றுக் கூடும். ஆனால் பிண்ணாக்குச் செலவு மிச்சம். பெரிய விராலை மட்டும் குஞ்சு விடுவதற்கு முன் வலை போட்டு இரண்டு மூன்று முறை அரித்துப் பிடித்து விற்றுவிடலாம். அது நட்டமா என்ன? சந்தையில் கட்லாவை விட விராலுக்கே விலை அதிகம்.

கோடையில் குளத்தை அடிவரை இறைத்துவிடாமல், ஒரு மூலையில் ஆழமான குழி ஒன்றை விட்டு வைக்க வேண்டும். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போதும், மழை தொடங்கும்போதும், அந்தக் குழியில் தப்பிய மீன்கள்தாம் சினையோடு தண்ணீரை எதிர்த்து ஏறி வயலிலும் வாய்க்காலிலும் முட்டையிடும். அச்சமயம் வாய்க்காலின் குறுக்கே கரையோடு கரையாகப் பறி வைத்து அடைக்காமல் பாதி வழியையாவது திறந்து விடுவது நல்லது.

வயலில் தெளிக்கும் மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்ட்ரின் தெளித்த காலத்தில் வயல் மீன் செத்துக் கரை ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். நெல்லுக்கு அவற்றைப் பரிந்துரைக்காததற்கு வேறு காரணமும் உண்டு. புகையான் தாக்குதல் அவற்றால் கூடுகிறது. எந்த மருந்தானாலும் தெளித்த பிறகு சில நாட்களுக்கு வயல் நீரை வடிகாலில் விடாமல் மடையை அடைத்து வைக்க வேண்டும். பூச்சி மருந்தைக் குளத்தில் ஊற்றி மீன் பிடிக்கும் கொடுமை ஆங்காங்கே நடக்கிறது. இது 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்பிடிச் சட்டப்படி குற்றம். அந்த மீனை உண்பவருக்கும் தீங்கு.

மார்கழி, தை மாதக் குளிரில் விரால், குறவை, கெளுத்தி ஆகியவற்றின் உடலில் சிவந்த புண்கள் தோன்றினால் அது 1988-ல் வடகிழக்கு மாநிலங்களின் வழியாக இந்தியாவுக்குள் வந்த புண் நோய். ஒரு வகைப் பூஞ்சாணமே காரணம். புண்பட்ட மீன்களை எடுத்துக் கரையில் எறியாமல் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். குளத்திற்கும் சுண்ணாம்பு இடலாம். புவனேசுவரம் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சிபாக்ஸ் என்ற மருந்தை, ஒரு மீட்டர் ஆழமுள்ள நீருக்கு ஹெக்டேருக்கு ஒரு லிட்டர் வீதம் தெளித்தால் நோய் கட்டுப்படும்.

கடைசியாக, குஞ்சு வியாபாரிகள் "சீக்கிரம் வளரும் கெளுத்தி" என்று கொண்டுவந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கும். நெடுக ஓடும் முதுகுத் துடுப்பினால் நம் கெளிறைப் போலவே தோன்றும். ஆனால் உடலில் கருமையும் சாம்பலுமாகத் திட்டுகள் படர்ந்திருக்கும்; சில மாதங்களில் ஒரு கிலோவைத் தாண்டும். நம் கெளிறு ஒன்றரைச் சாண் வளர்வதே அதிகம். ஆப்பிரிக்கக் கெளுத்தி குளத்தில் உள்ள எதையும் விட்டு வைக்காது. வெள்ளத்தில் ஆற்றுக்குப் போய்விட்டால் திரும்பப் பிடிக்க வழியும் இல்லை. இதை வளர்க்க மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதித்துள்ளது. சந்தேகமான குஞ்சு வந்தால் குளத்தில் விடுவதற்கு முன், ஒரு பாத்திரத்தில் நாலைந்தை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்திலோ, நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.